யார்டில் காலி இடம் வேண்டும்
(மும்பை மாட்டுங்காவில் சிறு ஏற்றுமதியாளர்களுக்கு ஆற்றிய உரையிலிருந்து)

தாராவியில் தைத்த தோல் பை ஐரோப்பாவுக்குப் போக மும்பைக்கு எதிர்க்கரையில் உள்ள நவ ஷேவா துறைமுகத்தைத் தாண்டியாக வேண்டும். நவ ஷேவாவுக்கும் மும்பைத் துறைமுகத்துக்கும் கடலில் கப்பல் பாதை ஒன்றுதான். 2010 ஆகஸ்ட் 7 அன்று எம்எஸ்சி சித்ரா, கலீஜியா 3 என்ற இரண்டு சரக்குக் கப்பல்கள் அங்கே மோதிக்கொண்டன. சித்ரா சாய்ந்து, கன்டெய்னர்கள் தண்ணீரில் சரிந்தன. மூழ்கிய பெட்டிகள் எங்கே கிடக்கின்றன என்று தெரியாமல் கப்பல் விட முடியாது. கிரேனும் ஆட்களும் இருந்தும் இரண்டு துறைமுகங்களும் முடங்கின.

2021 மார்ச்சில் எவர் கிவன் என்ற கப்பல் சூயஸ் கால்வாயை ஆறு நாள் அடைத்தது. அது விலகிய பிறகுதான் துறைமுகங்களுக்கு உண்மையான சோதனை. காத்துக்கிடந்த கப்பல்கள் கும்பலாக வந்து சேரும். அப்போது துறைமுகத்தில் பெட்டிகளை அடுக்கி வைக்கும் யார்டைப் பாருங்கள். ஐந்து அடுக்கில் உங்கள் பெட்டி அடியில் இருக்கிறது. மேலே உள்ள நான்கையும் எடுத்துப் பக்கத்தில் வைத்தால்தான் அது லாரியில் ஏறும். ஐந்து முறை தூக்கினால் ஒரு பெட்டி வெளியேறுகிறது. பக்கத்திலும் இடமில்லை என்றால் லாரி நிற்கும், வரிசை கேட்டைத் தாண்டும், பழைய பெட்டி போகாததால் கப்பலிலிருந்து புதிய பெட்டியை இறக்க முடியாது. யார்டு நிரம்பி வழிவதைச் சாதனை என்று சொல்கிறார்கள். எனக்கு அதைக் கேட்டால் பயமாக இருக்கிறது. அவசரத்துக்கு உதவுவது யார்டில் விட்டுவைத்த காலி இடம்தான்.

இன்னொன்று கம்ப்யூட்டர். 2017 ஜூனில் பரவிய வைரஸ் தாக்குதலில் நவ ஷேவாவின் ஒரு முனையமும் சிக்கியது. எந்தப் பெட்டி எந்த அடுக்கில் என்ற கணக்கு திரையில் மட்டும் இருந்தால், திரை அணைந்ததும் கிரேன் ஓட்டுபவர் கண்ணைக் கட்டிவிட்டது போலாகிவிடுவார். ஷிஃப்டுக்கு ஒரு முறை பட்டியலை அச்செடுத்து வைப்பதும், காகிதத்தை வைத்து கேட்டை நடத்திப் பழகுவதும் பெரிய செலவில்லை.

செங்கடலில் 2023 இறுதியில் கப்பல்கள் மீது தாக்குதல் தொடங்கியதும் கப்பல்கள் ஆப்பிரிக்காவைச் சுற்றிப் போயின. பயணம் ஏறக்குறைய 10 முதல் 14 நாள் நீண்டது. காலிப் பெட்டிகள் திரும்புவதும் தாமதமாகி, சரக்கு தயாராக இருந்தும் பெட்டி கிடைக்காமல் போனது.

"நவ ஷேவா முடங்கினால் சரக்கைக் குஜராத்தின் முந்த்ரா துறைமுகத்துக்குத் திருப்பிவிடலாமே" என்பீர்கள். திருப்பலாம், ஆனால் உங்கள் ஷிப்பிங் பில், அதாவது ஏற்றுமதிக்கான சுங்க ஆவணம், நவ ஷேவா சுங்கத்தில் போட்டது. அதை மாற்றாமல் லாரி முந்த்ரா போனால் கேட்டிலேயே நிற்கும். கப்பல் முன்பதிவும் புதிதாக வேண்டும். ஆகவே சரக்கை ஏற்றும் முன்பே, சரக்கை அனுப்பித் தரும் முகவரான ஃபார்வர்டரிடம் கேளுங்கள்: துறைமுகம் மாறினால் எந்தெந்தக் காகிதம் மாற வேண்டும், யார் மாற்றுவார்கள், எத்தனை நாள் ஆகும், அதுவரை லாரி வாடகை யார் கணக்கில்?