மாலையைக் கழற்றிய மறுநாள்

அவையோர் அனைவருக்கும் வணக்கம். குடிநோயிலிருந்து மீள்வோர் கூடும் குழுக்களைப் பற்றிப் பேசும்படி என்னைப் பணித்திருக்கிறீர்கள். குடிப்பவர்களைவிட அவர்களுடைய மனைவியரும் தாய்மாருமே இங்கு அதிகமாக அமர்ந்திருப்பதால், உங்கள் வீடுகளில் ஏற்கெனவே நடந்து நீங்கள் பார்த்த ஒன்றிலிருந்தே தொடங்குகிறேன்.

கார்த்திகை பிறந்ததும் ஐயப்பனுக்கு மாலை போட்டுக்கொள்ளும் ஒருவர், ஒரு மண்டல காலம் மதுவைத் தொடாமல் இருந்துவிடுகிறார். மலைக்குப் போய்வந்து மாலையைக் கழற்றியதும், பல வீடுகளில் அன்று மாலையே பழைய கதை தொடங்கிவிடுகிறது. "சாமிக்குப் பயந்து இருந்தவருக்கு எங்களுக்காக இருக்க முடியவில்லையா?" என்று நீங்கள் கேட்கிறீர்கள். அவரைத் தாங்கியது பயம் மட்டுமல்ல என்பது என் எண்ணம். விடியலில் குளிப்பதற்கும் மாலையில் பஜனைக்கும் அவரை அழைக்க ஆட்கள் இருந்தார்கள். கூலித் தொழிலாளியும் கடை முதலாளியும் ஒருவரையொருவர் 'சாமி' என்றே அழைத்தார்கள். மாலையோடு சேர்ந்து அந்தக் கூட்டமும் கலைந்துவிடுகிறது. கலையாத ஒரு கூட்டம் வேண்டும் என்பதே நான் சொல்லவந்த செய்தி.

அப்படியொன்று 1935ஆம் ஆண்டு அமெரிக்காவின் ஒஹாயோ மாநிலத்து ஆக்ரன் நகரில் பிறந்தது. நியூயார்க்கின் பங்குச்சந்தைத் தொழிலில் இருந்த பில் வில்சன், குடியை விட்டுச் சில மாதங்களே ஆன நிலையில் ஒரு வணிக வேலையாக அங்கு வந்து, அது தோல்வியில் முடிந்து, விடுதிக் கூடத்தில் தனியாக நின்றார். ஒரு பக்கம் மதுக்கூடத்தின் ஆரவாரம், மறுபக்கம் தொலைபேசி. அவர் தொலைபேசிப் பக்கம் போய், தேவாலயங்களுக்கு வரிசையாக அழைத்து, பேசுவதற்கு ஒரு குடிநோயாளியைத் தேடினார். அப்படிக் கிடைத்தவர் பாப் ஸ்மித் என்னும் அறுவை மருத்துவர். கால்மணி நேரம் மட்டும் பேசுவதாக ஒப்புக்கொண்ட அந்த மருத்துவர், பல மணி நேரம் எழுந்திருக்கவேயில்லை. பில் தன்னைக் குடியிலிருந்து காத்துக்கொள்ளவே வந்திருந்தார்; அப்படி ஒருவரை அந்த மருத்துவர் அன்றுதான் கண்டார். பாப் கடைசியாகக் குடித்த ஜூன் 10ஆம் நாளையே 'ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ்' என்னும் ஏ.ஏ. இயக்கம் தன் பிறந்தநாளாகக் கொள்கிறது.

இனி நடைமுறைக்கு வருவோம். நாள்தோறும் அதிகமாகக் குடித்தவர், கூட்டத்துக்குப் போகிறோமே என்ற வேகத்தில் ஒரே நாளில் நிறுத்திவிடக் கூடாது. வலிப்பு வரலாம்; இரண்டு மூன்று நாட்களில் குழப்பமும் இல்லாதவற்றைக் காண்பதுமாக உயிருக்கே ஆபத்து நேரலாம். முதலில் மருத்துவரிடம் செல்லுங்கள். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளின் மனநலப் பிரிவிலும் போதை மீட்பு மையங்களிலும் அருகிலுள்ள குழுவைப் பற்றியும் விசாரிக்கலாம். 14446 என்ற கட்டணமில்லாத தேசிய உதவி எண்ணும் இருக்கிறது. குழுவை விசாரித்து வைப்பது உங்கள் வேலையாக இருக்கட்டும். அங்கே அழைத்துப் பேசுவது அவருடைய வேலையாக இருந்தால் நல்லது.

ஏ.ஏ. கூட்டங்கள் பெரும்பாலும் தேவாலய வளாகத்து அறையிலோ பள்ளி வகுப்பறையிலோ மருத்துவமனைக் கூடத்திலோ மாலை வேளையில் நடக்கின்றன. முதல் நாள் செல்பவர் வாசலில் வருகைப் பதிவேட்டை எதிர்பார்த்துத் தயங்குவார். அப்படி எதுவும் இருக்காது. முகவரியோ சாதியோ சம்பளமோ கேட்கமாட்டார்கள். குடியை நிறுத்த வேண்டும் என்ற விருப்பம் ஒன்றே உறுப்பினராவதற்குத் தகுதி. ஒருவர் எழுந்து, "என் பெயர் இன்னது, நான் ஒரு குடிநோயாளி" என்று தொடங்கி, மனைவியின் தாலியை அடகு வைத்ததையும் பிள்ளையின் பள்ளி விழாவில் தள்ளாடி நின்றதையும் சொல்லிக்கொண்டு போவார். யாரும் குறுக்கிடமாட்டார்கள், அறிவுரையும் சொல்லமாட்டார்கள். புதியவர் பேசாமல் கேட்டுக்கொண்டிருந்தாலே போதும். இடையில் ஒரு பை சுற்றிவரும். வாடகைக்கும் தேநீருக்குமான காணிக்கை அது, புதியவர் அதில் எதுவும் போட வேண்டியதில்லை. வெளியாரிடம் நன்கொடை பெறுவதில்லை என்பது இயக்கத்தின் மரபு. குடும்பத்தாரும் போகக்கூடிய திறந்த கூட்டங்கள் தனியே உண்டு.

கடவுள் மறுப்பாளர்களும் உள்ள நம் ஊரில் எழும் கேள்வி ஒன்றும் உண்டு. மீள்வதற்கு ஏ.ஏ. காட்டும் வழியான பன்னிரண்டு படிகளில் கடவுள் வருகிறாரே என்பார்கள். 'நாம் அறிந்துகொண்ட வகையில்' என்ற அடைமொழியோடுதான் வருகிறார். அந்தக் குழுவையே தன்னிலும் பெரிய ஆற்றலாகக் கொண்டு பல்லாண்டு குடிக்காமல் இருப்போரும் உண்டு. அதுவும் ஒவ்வாதவருக்கு, 1994இல் தொடங்கிய ஸ்மார்ட் ரிக்கவரி போன்ற சமயம் சாராத குழுக்கள் இணையவழியிலும் கூடுகின்றன. பலன் உண்டா என்று கேட்போருக்கு ஒன்று சொல்வேன்: 27 ஆய்வுகளில் பங்கேற்ற 10,565 பேரின் தகவல்களை ஆராய்ந்து 2020இல் வெளிவந்த, மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து எடைபோடும் கோக்ரேன் அமைப்பின் மதிப்பாய்வு, ஏ.ஏ.வும் அதை நோக்கி முறையாக ஆற்றுப்படுத்தும் சிகிச்சையும் மதுவை அறவே விட்டிருப்பதில் பிற உளவியல் சிகிச்சைகளைவிடக் கூடுதல் பயன் தருகின்றன என்ற முடிவுக்கு வந்தது.

வீட்டில் இருப்பவர்களுக்கென்று 1951இல் தொடங்கிய அல்-அனான் குழுக்கள் இருக்கின்றன. வீட்டுக்காரர் வர மறுத்தாலும் நீங்கள் போகலாம். அவரைத் திருத்தும் உபாயம் அங்கே கிடைக்காது, உங்கள் தூக்கம் திரும்பக்கூடும்.

கடைசியாக ஒன்று. சில வாரங்கள் கூட்டத்துக்குப் போனவர் ஒருநாள் குடித்துவிட்டு வரலாம். அதற்காகக் குழு அவரை நீக்காது. மறுநாளும் அதே நாற்காலியைத்தான் இழுத்துப் போடும். "கூட்டத்துக்குப் போயும் இப்படியா?" என்று அன்றிரவு வீட்டில் கேட்டுவிட்டால், மறுநாள் அவர் அந்தப் படியேறக் கூசுவார். அன்றிரவு எதுவும் கேட்காதீர்கள். காலையில் தெளிந்த பின், இன்று கூட்டம் எத்தனை மணிக்கு என்று மட்டும் கேளுங்கள்.