10/22 டார்கெட் ரைஃபிளுக்கு எந்த பேரல், எந்த ஸ்கோப்?

அடுத்த கேள்வி ஓஹையோவில் இருந்து வந்திருக்கிறது. "அண்ணா, என்னிடம் ருகர் 10/22 என்ற .22 செமி ஆட்டோமேட்டிக் ரைஃபிள் இருக்கிறது. அதை டார்கெட் ரைஃபிளாக மாற்ற 20 அங்குல புல் பேரலும் (தடித்த குழல்) 6 முதல் 24 மடங்கு வரை பெரிதாக்கிக் காட்டும் ஸ்கோப்பும் வாங்கலாமா?"

தம்பி, எந்தப் போட்டியில் சுடப் போகிறீர்கள் என்று எழுதவில்லையே. அதுதான் எல்லாவற்றையும் தீர்மானிக்கும். உங்கள் மாநிலத்திலேயே துப்பாக்கிப் போட்டிகள் நடக்கும் கேம்ப் பெர்ரி இருக்கிறது. சிஎம்பி என்ற அமைப்பு அங்கே .22 ரைஃபிள்களுக்கு நடத்தும் ரிம்ஃபயர் ஸ்போர்ட்டர் போட்டிதான் உங்கள் ஆசை என்றால் இந்த இரண்டையும் வாங்காதீர்கள். அதில் ரைஃபிளின் மொத்த எடை, ஸ்கோப்பையும் சேர்த்து, ஏழரை பவுண்டைத் தாண்டக் கூடாது. ஸ்கோப்பில் 6 மடங்குக்கு மேல் வைத்துச் சுடவும் கூடாது. 0.920 அங்குலத் தடிமனுள்ள 20 அங்குல எஃகு பேரல் மட்டுமே ஏறக்குறைய மூன்றரை பவுண்டு வரும். அதன் மேல் ரிசீவர் (பேரல் மாட்டப்படும் நடு உடல்), தோளில் தாங்கும் கட்டை, பெரிய ஸ்கோப் எல்லாம் ஏறினால் வரம்புக்குள் நிற்பது கஷ்டம்.

பெஞ்சில் வைத்துச் சுடத்தான் என்றால் தடித்த பேரல் நல்லதே, ஆடாமல் நிற்கும். அப்போதும் 20 அங்குலம் எதற்கு? .22 தோட்டாவில் இருக்கும் வெடிமருந்து கொஞ்சம்தான். 16, 18 அங்குலத்துக்குள் அதன் வேலை முடிந்துவிடுகிறது. அதற்கு மேல் நீளம் கூடினால் எடைதான் கூடும். 16 அங்குலத்துக்குக் கீழேயும் போகாதீர்கள், அமெரிக்கச் சட்டத்தில் அது தனி வகை, தனிப் பதிவு வேண்டும்.

நீளத்தைவிட சேம்பரைப் பாருங்கள், அதாவது பேரலில் தோட்டா உட்காரும் அறையை. போல்ட் ஆக்‌ஷன் (கையால் போல்ட்டைத் தள்ளி மூடும்) ரைஃபிளுக்கான மேட்ச் சேம்பர், அதாவது போட்டிக்கென்று செய்தது, மிக இறுக்கமானது. தோட்டா உள்ளே போகும்போதே குண்டு பேரலின் வரிகளில் பதிந்துவிடும். செமி ஆட்டோவில் போல்ட்டை மூடுவது ஸ்பிரிங் மட்டும்தான், கையால் அழுத்துவது போல வராது. சில சமயம் போல்ட் முழுதாக மூடாது. சுடாத தோட்டாவை வெளியே எடுத்தால் குண்டு உள்ளேயே மாட்டிக்கொண்டு மருந்து ஆக்‌ஷனுக்குள் கொட்டும் அபாயமும் உண்டு. அதனால் செமி ஆட்டோவுக்கென்று சற்றே தளர்வாகச் செய்த பென்ட்ஸ் சேம்பர் என்று கேட்டு வாங்குங்கள். துல்லியமும் இருக்கும், தடங்கலில்லாமல் ஓடும்.

மாட்டுவது எளிது. பேரலை ரிசீவரோடு இழுத்துப் பிடிக்கும் ஒரு வி-பிளாக், இரண்டு ஸ்க்ரூ, அவ்வளவுதான். மேகசினை எடுத்துவிட்டு சேம்பர் காலியா என்று கண்ணால் பார்த்த பிறகே கை வையுங்கள். ரிசீவர் அலுமினியம் என்பதால் ஸ்க்ரூவை வெறித்தனமாக முறுக்கக் கூடாது, பேரலின் முனை கீழே சாய்ந்துவிடும். தடித்த பேரலுக்குக் கட்டையின் பள்ளமும் அகலமாக இருக்க வேண்டும்.

அப்புறம் ஸ்கோப். 24 மடங்கு என்ற எண்ணைப் பார்த்து மயங்க வேண்டாம், பேரலாக்ஸைப் பாருங்கள், அதாவது கண் நகரும்போது குறுக்குக் கோடும் நகர்வது போலத் தெரியும் பிழையை. பெரிய ரைஃபிள்களுக்கான ஸ்கோப் பெரும்பாலும் 100 யார்டில் இந்தப் பிழை வராதபடி அமைக்கப்பட்டிருக்கும். நீங்கள் 50 யார்டில் சுடும்போது கன்னம் கொஞ்சம் நகர்ந்தாலே குறுக்குக் கோடு இலக்கில் நகரும். ரிம்ஃபயருக்கென்று 50 யார்டுக்கு அமைத்தது, இல்லையென்றால் பேரலாக்ஸைத் திருத்திக்கொள்ளும் வசதி உள்ளது, இரண்டில் ஒன்று போதும். கடையிலேயே சோதிக்கலாம். ஸ்கோப்பை அசையாமல் வைத்துக் கண்ணை மட்டும் மேலும் கீழும் நகர்த்துங்கள், கோடு நகர்கிறதா பாருங்கள்.

குறியை ஏற்றி இறக்கத் திருகும் டரட்டும் நம்பகமாக இருக்கட்டும். 50 யார்டில் குறி சரியாக விழும்படி ஜீரோ செய்த ரைஃபிளில் ஸ்டாண்டர்டு வெலாசிட்டி தோட்டா 100 யார்டில் ஆறு ஏழு அங்குலம் கீழே விழும். ஒரு கிளிக் கால் எம்ஓஏ (100 யார்டில் ஏறக்குறைய கால் அங்குலம்) என்றால் கிட்டத்தட்ட 25 கிளிக் ஏற்ற வேண்டும், திரும்ப இறக்கினால் பழைய இடத்துக்கே வர வேண்டும்.

பேரலுக்குப் பணம் கட்டும் முன் இதைச் செய்து பாருங்கள். நாலைந்து பிராண்டு தோட்டா வாங்கி, இப்போதுள்ள பேரலிலேயே ரைஃபிளை ரெஸ்டில் (அசையாமல் தாங்கும் தாங்கியில்) வைத்துச் சுடுங்கள். ஹை வெலாசிட்டியை விடுங்கள், அது போகும் வழியில் ஒலியின் வேகத்துக்குக் கீழே இறங்கும்போது நிலை குலையும். வினாடிக்கு 1070 அடி வாக்கில் போகும் ஸ்டாண்டர்டு வெலாசிட்டியே எடுங்கள். ஒரு பிராண்டில் குரூப் (குண்டுகள் விழும் வட்டம்) பாதியாகச் சுருங்கினால் புது பேரல் இப்போதைக்கு வேண்டாம், அந்தப் பணத்தை ஸ்கோப்பில் போடுங்கள்.