காய்ந்த கையில் பூச வேண்டிய மருந்து

(உள்ளங்கை வியர்வை பற்றி பினாங்கு, ஜார்ஜ் டவுனில் தமிழில் ஆற்றிய பொது உரையின் எழுத்து வடிவம்)

அவையோர் அனைவருக்கும் வணக்கம்.

மண்டபத்தில் ஏர்கோன் நன்றாகவே ஓடுகிறது. முன்வரிசையில் இரண்டொருவர் சால்வையை இழுத்துப் போர்த்திக்கொண்டுவிட்டீர்கள். இதே குளிரில் ஒருவருக்கு நெற்றி காய்ந்திருக்கும், முதுகு காய்ந்திருக்கும், உள்ளங்கை மட்டும் சொட்டச் சொட்ட நனைந்திருக்கும். "உடம்பு சூடு, இளநீர் குடி" என்று வீட்டில் சொல்லியிருப்பார்கள். "பயந்த சுபாவம்" என்று பள்ளியில் சொல்லியிருப்பார்கள். இரண்டுமே அந்தக் கையை உலர்த்தப் போவதில்லை.

நம் உடலில் 20 லட்சத்திலிருந்து 40 லட்சம் வரை வியர்வைச் சுரப்பிகள் உண்டு. மிக நெருக்கமாக இருப்பது உள்ளங்கையிலும் உள்ளங்காலிலும்தான். முதுகும் மார்பும் வெயிலுக்கு வியர்க்கின்றன. உள்ளங்கையோ பெரும்பாலும் மனத்தின் சொல் கேட்டு வியர்க்கிறது: பதற்றம், எதிர்பார்ப்பு, கூர்ந்த கவனம். இப்படிக் கை அளவுக்கு மீறி வியர்க்கிறவர்களின் சுரப்பியை எடுத்து நுண்ணோக்கியில் பார்த்தால் பொதுவாகக் கோளாறு எதுவும் தெரியாது. குழாய் நன்றாகத்தான் இருக்கிறது; அதைத் திறக்கிற கைதான் அளவு தெரியாமல் திறந்துவிடுகிறது. அந்தக் கை, நம் விருப்பத்தைக் கேட்காமல் தானாக இயங்கும் பரிவு நரம்பு. அதன் முனையில் சுரக்கும் அசிட்டைல்கோலின் என்ற பொருள்தான் சுரப்பியைத் தூண்டுகிறது. இதை மனத்தில் வைத்துக்கொண்டால், பின்னால் சொல்லப்போகும் ஒவ்வொரு சிகிச்சையும் எந்த இடத்தில் கை வைக்கிறது என்பது தானாகப் புரியும்.

மருத்துவர் கேட்கும் கேள்விகளை நீங்களே கேட்டுக்கொள்ளலாம். வேறு காரணமில்லாமல் 6 மாதமாவது இப்படி இருக்கிறதா? இரு கைகளும் ஒரேபோல நனைகின்றனவா? 25 வயதுக்கு முன்பே தொடங்கியதா? அப்பா, அம்மா, அத்தை, மாமா யாருக்காவது உண்டா? வாரத்துக்கு ஒருமுறையாவது வருகிறதா? அன்றாட வேலையைக் கெடுக்கிறதா? தூங்கும்போது நின்றுவிடுகிறதா? 6 மாதக் கணக்கோடு மற்றவற்றில் இரண்டுக்காவது 'ஆமாம்' வந்தால், பெரும்பாலும் இது பிறவி வாகில் வருகிற முதல்நிலை வியர்வை. ஆபத்தில்லாதது.

ஆனால் இரவில் படுக்கை நனைகிறது, எடை குறைகிறது, நெஞ்சு படபடக்கிறது, ஒரு பக்கம் மட்டும் வியர்க்கிறது, நாற்பது வயதுக்கு மேல் திடீரென்று ஆரம்பித்தது என்றால் கதை வேறு. தைராய்டு, சர்க்கரை, காசநோய் இவற்றைப் பார்க்க வேண்டும். சில மனச்சோர்வு மாத்திரைகளும் வியர்வையைக் கூட்டும். முதலில் பக்கத்து அரசு சுகாதார நிலையமான கிளினிக் கெசிஹாத்தானுக்குப் போங்கள். மலேசியக் குடிமக்களுக்கு அங்கே 1 வெள்ளிதான் (ரிங்கிட்) கட்டணம். சாப்பிடும் மருந்துகளின் பட்டியலையும் கையோடு கொண்டுபோங்கள்.

இனி மருந்து. முதல் படி அலுமினியம் குளோரைடு. 20 சதவீதக் கரைசலாக, உருட்டிப் பூசும் புட்டியில் ஃபார்மசியில் கிடைக்கும். வாங்கியவர்களில் பலர் ஒரு வாரத்தில் "எரிகிறது, பலனும் இல்லை" என்று தூக்கிப்போடுகிறார்கள். மருந்தைக் குறை சொல்வதற்கு முன்னால் பூசிய விதத்தைப் பார்க்க வேண்டும்.

படுக்கப் போகும்போது பூச வேண்டும், ஏனென்றால் தூக்கத்தில்தான் கை வியர்ப்பதில்லை. இந்த அலுமினிய உப்பு, வியர்வைத் துளைக்குள் இறங்கி அடைப்பாக உட்கார ஆறு முதல் எட்டு மணி நேரம் தேவை. காலையில் பூசிக்கொண்டு வேலைக்குப் போனால் அடுத்த வியர்வையே அதை வெளியே தள்ளிவிடும். இரண்டாவது, கை முழுக்கக் காய்ந்திருக்க வேண்டும். ஈரத்தில் பட்டால் அலுமினியம் குளோரைடு ஹைட்ரோகுளோரிக் அமிலத்தை உண்டாக்கும். எரிச்சலுக்குக் காரணம் அதுதான். ஆகவே கழுவிய கையோடு பூசாதீர்கள். துடைத்து, மின்விசிறிக்குக் கீழே காட்டி, வேண்டுமானால் ஹேர் டிரையரைக் குளிர்காற்றில் வைத்து விரலிடுக்கு வரை உலர்த்துங்கள். மெல்லிய ஒரு பூச்சு போதும். அதுவும் காய்ந்த பிறகு படுங்கள், இல்லாவிட்டால் தலையணை உறை பாழாகும். காலையில் சோப்புப் போட்டுக் கழுவிவிடுங்கள்.

கை அடங்கும் வரை தினமும் இரவில். அடங்கியதும் வாரத்துக்கு ஒன்றிரண்டு இரவு. உள்ளங்கைத் தோல் தடிப்பானது, அக்குளைப் போல இரண்டு நாளில் பதில் சொல்லாது. மூன்று நான்கு வாரம் கொடுத்துப் பாருங்கள். வெட்டுக்காயம், சிரங்கு, வெடிப்பு இருந்தால் ஆறும் வரை வேண்டாம். சிவந்து எரிந்தால் ஓரிரு இரவு விட்டுப் பிடியுங்கள். மருத்துவர் சொன்னால் 1 சதவீத ஹைட்ரோகார்டிசோன் கிரீம் தடவலாம். பவுடர் போடுவது வீண், ஐந்து நிமிடத்தில் மாவாகிவிடும்.

இதற்கு அடங்காத கைக்கு இரண்டாவது படி: தண்ணீரில் மின்னோட்டம். அயன்டோஃபோரெசிஸ் என்பார்கள். பேரைக் கேட்டு மிரள வேண்டாம். இரண்டு ஆழமில்லாத தட்டு, ஒவ்வொன்றிலும் ஒரு உலோகத் தகடு, அதன்மேல் துணியோ பஞ்சோ, உள்ளங்கை மூழ்குமளவு குழாய்த் தண்ணீர். கையை வைத்த பிறகு மின்னோட்டத்தை மெதுவாக 15 முதல் 20 மில்லி ஆம்பியர் வரை ஏற்றுவார்கள். 20 நிமிடம்; பாதியில் மின்னோட்டத்தின் திசையை மாற்றுவார்கள். வாரத்துக்கு மூன்று முறை செய்தால் இரண்டிலிருந்து நான்கு வாரத்தில் பெரும்பாலோருக்குக் கை உலரத் தொடங்கும். பிறகு வாரம் ஒருமுறை, போகப்போக இன்னும் இடைவெளி விடலாம். நிறுத்தினால் வியர்வை திரும்பிவிடும்.

இங்கே நடக்கிற தவறுகள் சின்னவை. உப்பு நீக்கும் ஃபில்டரில் பிடித்த சுத்தமான தண்ணீரை ஊற்றுகிறார்கள். உப்பே இல்லாத தண்ணீரில் மின்சாரம் சரியாக ஓடாது. குழாய்த் தண்ணீரிலும் ஓட்டம் ஏறவில்லை என்றால் அரைத் தேக்கரண்டி சமையல் சோடா போடலாம். மோதிரம், வளையல், காப்பு எல்லாவற்றையும் கழற்ற வேண்டும். சிறு கீறல் இருந்தால் வாசலின் தடவி மூட வேண்டும், இல்லையேல் அந்த இடத்தில் சுரீரென்று குத்தும். ஓட்டம் இருக்கும்போது கையை வெடுக்கென்று எடுத்தால் ஷாக் அடிக்கும். பேஸ்மேக்கர் வைத்தவர்கள், கர்ப்பிணிகள், மின்சாரம் போகும் வழியில் உலோகம் பொருத்தியவர்கள், வலிப்பு உள்ளவர்கள் இதைச் செய்யக்கூடாது. சார்ஜரையும் அலுமினியத் தட்டையும் வைத்து வீட்டிலேயே செய்துகாட்டும் வீடியோக்கள் உலவுகின்றன. தயவுசெய்து அந்த வேலை வேண்டாம்.

மாத்திரைகளும் உண்டு. ஆக்சிபியூட்டினின், கிளைக்கோபைரோலேட் இரண்டும் அசிட்டைல்கோலினின் வேலையைத் தடுக்கும். ஆனால் கைக்கு மட்டுமல்ல, உடல் முழுக்க. வாய் வறளும், மலம் இறுகும், பார்வை மங்கலாம், சிறுநீர் கழிக்கச் சிரமப்படலாம். குறுகிய கோண கண் அழுத்த நோய் இருந்தால் கூடவே கூடாது. நம்மூருக்கென்று இன்னொரு எச்சரிக்கை: உடம்பு வியர்க்காவிட்டால் சூடு வெளியேற வழியில்லை. தைப்பூசத்தன்று தண்ணீர்மலை முருகன் கோயிலுக்கு வெயிலில் நடக்கப் போகிறவர், அன்றைக்கு இந்த மாத்திரையைச் சாப்பிடலாமா என்று மருத்துவரிடம் முன்கூட்டியே கேட்டுவிடுவது நல்லது.

போட்டாக்ஸ் ஊசி நரம்பு முனையில் அசிட்டைல்கோலின் வெளிவருவதையே நிறுத்தும். உள்ளங்கை முழுக்க ஒரு சென்டிமீட்டர், ஒன்றரை சென்டிமீட்டருக்கு ஒரு குத்து. வலிக்கும், அதனால் பெரும்பாலும் கையை மரத்துப்போக வைத்த பிறகே போடுவார்கள். சில மாதம் நிற்கும், பிறகு மறுபடி போட வேண்டும். விரல் பிடி கொஞ்ச நாள் தளரலாம். பாயான் லெபாஸ் தொழிற்சாலைகளில் நுண்ணிய பாகங்களை விரல் நுனியில் எடுத்து வைக்கிறவர்கள் இதைக் கட்டாயம் யோசிக்க வேண்டும்.

கடைசியாக அறுவை. மார்புக்குள் கேமரா விட்டு, விலா எலும்புகளை ஒட்டி ஓடும் பரிவு நரம்புச் சங்கிலியை வெட்டுவது அல்லது கிளிப் போடுவது. கை அன்றே காய்ந்துவிடும், அதில் சந்தேகமில்லை. விலை வேறு இடத்தில் தெரியும்: முதுகு, வயிறு, தொடை என்று இதுவரை வியர்க்காத அளவுக்கு ஈடுசெய் வியர்வை வரலாம். குளிர்நாட்டில் ஒரு ஸ்வெட்டருக்குள் அது மறைந்துபோகலாம். ஆண்டு முழுவதும் 30 டிகிரியைத் தாண்டுகிற பினாங்கில் பகலில் இரண்டு சட்டை மாற்ற வேண்டியிருக்கும். கையை நனையவிட்டே இருந்திருக்கலாம் என்று வருந்துகிறவர்களும் உண்டு, வெட்டிய நரம்பைத் திரும்ப ஒட்டவைப்பது நம்பத்தக்க வழியும் அல்ல. அறுவைக்குப் போகிறவர் மருத்துவரிடம் நேராகக் கேளுங்கள்: எந்த மட்டத்தில் வெட்டுகிறீர்கள்? உங்களிடம் செய்துகொண்டவர்களில் எத்தனை பேருக்கு ஈடுசெய் வியர்வை தொந்தரவாக இருக்கிறது? கண் இமை சரிவதற்கும் நுரையீரல் சுருங்குவதற்கும் வாய்ப்பு எவ்வளவு? மேலே சொன்ன படிகளை முறையாக முடிக்காதவருக்குக் கத்தி எடுப்பது அவசரம் என்பதே எங்கள் கருத்து.

நீங்கள் எழுதிக் கொடுத்த கேள்விச் சீட்டுகளில் அதிகம் பேர் எழுதியிருப்பது மைகார்டு எனும் அடையாள அட்டைக்கான கட்டைவிரல் ரேகை பற்றி. வங்கி கவுண்டரில் கருவி ரேகையைப் படிக்கவில்லை என்றால், மேலும் அழுத்தாதீர்கள். ஈர விரலை அழுத்தினால் ரேகைகளுக்கிடையே தண்ணீர் நிரம்பி எல்லாம் ஒரே கறுப்பாகிவிடும். விரலைச் சானிடைசரால் துடைத்து, டிஷ்யூவில் ஒற்றி, கருவியின் கண்ணாடியையும் துடைக்கச் சொல்லுங்கள். உலர்ந்த நொடியே லேசாக வையுங்கள். தேர்வு எழுதும் பிள்ளைகள் விடைத்தாளின்மேல் கை படும் இடத்தில் ஒரு வெற்றுத்தாளை வைத்துக்கொள்ளலாம். கண்காணிப்பாளரிடம் முதலிலேயே சொல்லி அனுமதி வாங்கிக்கொள்ளுங்கள்.