சென்சார் குழாய்னா சுத்தம்னு யாரு சொன்னா?

வணக்கம் மக்களே! போன வீடியோவுக்குக் கீழ பாதிப் பேர் ஒரே கேள்விதான். "சிங்கப்பூர்ல எங்க காண்டோ அடுக்குமாடியில பொதுக் குழாயெல்லாம் மாத்துறாங்க, எம்சி நிர்வாகக் குழுக் கூட்டத்துல, கையக் காட்டினாலே தண்ணி வர்ற சென்சார் குழாய் கேக்கலாமா?" சென்சார்னா எனக்கு ஆகாதுன்னு தெரிஞ்சும் கேக்குறீங்க!

2011-ல அமெரிக்காவுல ஜான்ஸ் ஹாப்கின்ஸ் ஆஸ்பத்திரியில சோதிச்சாங்க. சென்சார் குழாய்த் தண்ணி மாதிரிகள்ல பாதியில லெஜியோனெல்லா, அதாவது நிமோனியா வர வைக்கிற கிருமி. கையால திறக்குற குழாய்ல 15 சதவீதம்தான். சென்சார்ல வால்வு, இண்டு இடுக்கு அதிகம், கிருமிக்கு அதுதான் வீடு. கை படாதது வெளியில மட்டுந்தான்.

என் ஓட்டு நீளக் கைப்பிடிக் குழாய்க்கு. முஷ்டிய மடக்கித் தள்ளிப் பாருங்க. திறக்கலைன்னா மூட்டுவலி இருக்கிற பாட்டிக்கும் திறக்காது. அமெரிக்காவுல மாற்றுத்திறனாளிகளுக்கான ஏடிஏ விதியில, குழாயத் திறக்கத் தேவைப்படுற விசைக்கு 22 நியூட்டன்தான் உச்சவரம்பு, கிட்டத்தட்ட ரெண்டேகால் கிலோ எடை. சில அமுக்குற குழாய்ல ஆள் எடையையே போடணும்!

இப்ப இதப் பாருங்க, கேமராகிட்ட காட்டுறேன். குழாய் வாயில இருக்கிற ஏரேட்டர், தண்ணியில காத்தக் கலக்குற சின்ன வலை மூடி, 24 மில்லிமீட்டர் மரை. இந்த வலையில கறுப்பா வழவழன்னு இருக்கே, அதுதான் கிருமிப் படலம். கூடவே மணல், ரப்பர் துணுக்கு. இந்த ஏரேட்டர் கையாலயே கழண்டுடும். ஆனா குழாய்க்குள்ள ஒளிஞ்சிருக்கிற வகை இருக்கே, அதுக்குத் தனி பிளாஸ்டிக் சாவி வேணும். சின்னச் சாவி! பொருத்துறவர் அதப் பெட்டியோட தூக்கிப் போட்டுடுவாரு. அப்புறம் யாரும் கழட்டுறதே இல்ல. எனக்கு இதுலதான் ரத்தம் கொதிக்குது.

ஏரேட்டரையே தூக்கிடலாம்னு நினைக்காதீங்க. சிங்கப்பூர்த் தண்ணி சிக்கன லேபிள்ல பேசின் குழாய்க்கு 3 டிக்குன்னா நிமிஷத்துக்கு 2 லிட்டருக்குள்ள வரணும், கழட்டினா அது போச்சு. வலையில்லாத லேமினர் வகை கேளுங்க, காத்தக் கலக்காது.

அட, குடிநீர்க் குழாய மறந்துட்டேன்! தண்ணி நேரா மேல பீச்சுற வகை வேண்டவே வேண்டாம். வாயில பட்ட தண்ணி திரும்பித் துளை மேலயே விழும். சாய்வா பீச்சி, துளைக்கு மேல மூடி இருக்கிறத வாங்குங்க. ஏடிஏ கணக்குல சக்கர நாற்காலிக்குத் தரையிலிருந்து குழாய் வாய் 915 மில்லிமீட்டருக்கு மேல போகக் கூடாது, முழங்கால் நுழைய அடியில 685 மில்லிமீட்டர் இடைவெளி வேணும். நின்னு குடிக்கிறவங்களுக்கு 965 முதல் 1090. அதனால ரெண்டு உயரமும் பக்கத்துல பக்கத்துல.

கார்பன் ஃபில்டர் சேர்த்து விக்க வருவாங்க. நம்ம சிங்கப்பூர்க் குழாய்த் தண்ணியே குடிக்கத் தகுந்தது. அந்த ஃபில்டர் கிருமிநாசினிய எடுத்துடும், நேரத்துக்கு மாத்தலைன்னா உள்ளயே கிருமி வளரும்.

ஆங், அந்தச் சாவி! பேசினுக்கு அடியில தண்ணிக் குழாயோட கேபிள் டை போட்டுக் கட்டிடுங்க. டைய இறுக்கமா, கத்தரி வச்சுத்தான் வெட்டணும்ங்கிற மாதிரி.