திருகாணிக்கு ஒரு பதில்

நடுவர் ஐயாவுக்கும், கல்லடிக் கடற்கரை மணலில குந்தியிருக்கிற உங்க எல்லாருக்கும் வணக்கம். முதல் தொலைகாட்டி வாங்குறவருக்கு வில்லைத் தொலைகாட்டியா, வெளிச்சத்தை முகம் பார்க்கிற கண்ணாடி மாதிரித் திருப்பிச் சேர்க்கிற ஆடித் தொலைகாட்டியா எண்டு கேட்டிருக்கீங்க. எங்கட அணி ஆடி.

எதிரணித் தங்கச்சி பெரிய கைதட்டல் வாங்கின இடத்துக்கே நேரா வாறன். "ஆடி வாங்கினவர் வானத்தைப் பார்க்க மாட்டார், திருகாணியத்தான் பார்ப்பார். திருகி முடிய விடிஞ்சிரும்" எண்டு சொன்னா.

ஆடிகளை ஒரே நேருக்குக் கொண்டு வாறதுக்குத்தான் அந்தத் திருகாணி. வாங்க தங்கச்சி, இந்த மேடையிலயே திருகுவம். இது பகல் வெளிச்சத்தில செய்யிற வேலை, இரவு எதுக்கு? கண்ணை வைச்சுப் பார்க்கிற பார்வைத்துண்டைக் கழற்றிட்டு, நடுவில சின்ன ஓட்டை போட்ட மூடியை அந்த இடத்தில மாட்டுங்க. குழாயைப் படுக்கையா வெள்ளைச் சுவர்ப் பக்கம் திருப்பி வையுங்க. நிமிர்த்தி வைச்சா, கைதவறுற அலன் சாவி (திருகாணி திருகுற சாவி) நேரா குழாயிட அடியில கிடக்கிற பெரிய குழிவாடியில போய் விழும். ஓட்டைக்குள்ளால பார்த்தா சின்னத் தளவாடி. அதுக்குள்ள குழிவாடி முழுசாத் தெரிய வேணும், அதைப் பிடிச்சிருக்கிற மூண்டு கவ்வியும் தெரிய வேணும். ஒரு கவ்வி மறைஞ்சா, தளவாடியிட மூண்டு திருகாணியில ஒண்டை அரைக்கால் சுற்றுச் சுற்றிப் பாருங்க, போதும். பிறகு பின்பக்கம் வந்து பூட்டுத் திருகாணிகளைத் தளர்த்திட்டு, குழிவாடியிட நடுவில ஒட்டியிருக்கிற வளையத்துக்குள்ள ஓட்டையிட கறுப்புப் புள்ளி வந்து உக்காருற வரைக்கும் குழிவாடியச் சரிக்கிற திருகாணிகளைத் திருகுங்க. கை பழகினா பத்து நிமிசம். எங்க தங்கச்சி விடிஞ்சது?

1668இல நியூட்டன் செம்பும் வெள்ளீயமும் கலந்து, தன்ட கையால வார்த்து, தேய்ச்சு மினுக்கித்தான் ஆடித் தொலைகாட்டியச் செஞ்சார். வில்லை நிறங்களைப் பிரிச்சுப் போடுது எண்ட கவலைதான் காரணம். இண்டைக்கும் விலை குறைஞ்ச குட்டைக் குழாய் வில்லையால நிலவைப் பாருங்க, விளிம்பில ஊதா ஓடும். அந்த ஊதாவ எந்தத் திருகாணியால எடுப்பீங்க தங்கச்சி?

உப்புக்காத்து ஆடியை அரிக்கும் எண்டதும் அவ சொன்னதுதான். அது உண்மை. பனி காயமுன்னம் மூடியைப் போட்டு அடைக்க வேணாம், ஆடியைத் துணியால துடைக்கவே வேணாம்.

70 மி.மீ. விட்டமுள்ள வில்லையை விட 130 மி.மீ. விட்டமுள்ள ஆடி மூண்டு மடங்குக்கு மேல வெளிச்சம் சேர்க்கும். வைகாசி இரவு பத்து மணிபோல தெற்கே ஒமேகா செந்தோரி எண்ட நட்சத்திரக் கொத்தைப் பாருங்க. வில்லையில அது ஒரு பஞ்சுத்துண்டு. ஆடியில ஓரமெல்லாம் சீனி தூவினமாதிரி நட்சத்திரம் நட்சத்திரமாப் பிரியும்.

கடைசியா ஒண்டு. மட்டக்களப்பு பூமத்திய ரேகைக்குக் கிட்ட, 8 பாகைக்குள்ள இருக்கு. அதனால வியாழனும் சனியும் எங்கட உச்சந்தலைக்குக் கிட்டத்தான் போகும். அப்ப வில்லைக்காரர் முக்காலிக்குக் கீழ குனிஞ்சு கிடக்க வேணும். ஆடியில பார்வைத்துண்டு குழாயிட மேல்நுனியில, பக்கவாட்டில இருக்கு. சுழல்பெட்டியில, அதாவது சுத்தித் திருப்பக்கூடிய பெட்டித் தாங்கியில, நிக்கிற சின்ன ஆடித் தொலைகாட்டியை ஒரு ஸ்டூல்ல தூக்கி வையுங்க, பக்கத்தில ஒரு பிளாஸ்டிக் கதிரையைப் போடுங்க.

இப்ப உங்கட வீட்டு அம்மம்மாவைக் கூப்பிடுங்க. முழங்கால் மடங்காத மனிசி. எத்தனை வருசம் சனி பார்க்குது எண்டு கோயில்ல எள்ளெண்ணெய் எரிச்சவ. குழாயிட குவியத்தூரம் 650 மி.மீ., பார்வைத்துண்டிட குவியத்தூரம் 10 மி.மீ., பிரிச்சா 65 மடங்கு பெருசாத் தெரியும். அவ குனியத் தேவையில்ல, கண்ணை மட்டும் வைக்கட்டும். வளையத்தோட சனி மிதந்து வரும். "மனே, இவரா இவ்வளவு வடிவு?" எண்டு கேப்பா.

நடுவர் ஐயா, தீர்ப்பு எழுதமுன்னம் அந்தக் கதிரையில நீங்களும் ஒருக்கா இருந்து பாருங்க.