வழியில் ஒட்டிக்கொண்ட பெயர்

நேயர்களுக்கு வணக்கம்.

நம் தெருக்களில் ஏதேனும் ஒரு வீட்டுக்கு 'மதுரைக்காரர் வீடு' என்று பெயர் வழங்கும். விசாரித்துப் பார்த்தால் அவர் பிறந்த ஊர் மதுரையாக இராது; மாற்றலாகி இங்கே வருமுன் இரண்டு ஆண்டுகள் மதுரையில் இருந்திருப்பார், அவ்வளவுதான். கடைசியாக எந்த ஊரிலிருந்து வந்தாரோ அந்த ஊர் ஒட்டிக்கொண்டுவிடும். பேரப்பிள்ளைகள்கூட அப்படியே அறியப்படுவார்கள். இன்று நான் பேச எடுத்துக்கொண்ட 'பொஹீமியன்' என்ற சொல்லும் இப்படி ஒட்டிக்கொண்ட பெயரே. கட்டுப்பாடுகளுக்கு அடங்காத கலைஞன், நாளைய கவலை இல்லாதவன் என்ற பொருளில் நீங்கள் அதைக் கேட்டிருப்பீர்கள். அந்தப் பொருளை அடையுமுன் அச்சொல் யார் தலையில் ஏறியிருந்தது என்பதில்தான் எனக்கு நெடுநாள் அக்கறை.

பொஹீமியா என்பது இன்றைய செக் குடியரசின் மேற்குப் பகுதி. பிராக் நகரம் அங்கேதான் உள்ளது. ஈராயிரம் ஆண்டுகளுக்கு முன் அங்கே போயி என்ற கெல்டிய இனக்குழு வாழ்ந்தது. போயிகளின் இல்லம் என்ற பொருளில் ஜெர்மானியர் வழங்கிய பெயரே இலத்தீன் வழியாகப் பொஹீமியா ஆயிற்று. கி.பி. 98 அளவில் எழுதிய டாசிட்டஸ் என்ற ரோம வரலாற்றாசிரியர், குடிகள் மாறிவிட்டார்கள், பெயர் மட்டும் நிலைத்திருக்கிறது என்று அப்போதே குறித்து வைத்தார். பின்னர் குடியேறிய செக் மக்கள் தம் மொழியில் அந்நிலத்தைச் 'செஹி' என்றே சொல்கிறார்கள். ஆகவே பொஹீமியா என்பது தொடக்கத்திலிருந்தே பிறர் வைத்த பெயர். இதை நினைவில் வைத்துக்கொள்ளுமாறு வேண்டுகிறேன்.

இப்போது 1427ஆம் ஆண்டு ஆகஸ்ட் மாதத்துப் பாரிஸ் நகரத்துக்கு வாருங்கள். அங்கே வாழ்ந்த ஒருவர் தம் பெயரை எங்கும் குறிப்பிடாமல் ஒரு நாட்குறிப்பு எழுதி வந்தார். முதலில் குதிரைகளில் பன்னிரண்டு பேர் வந்தார்கள் என்றும், அவர்களில் ஒருவர் தம்மைக் கோமகன் என்று சொல்லிக்கொண்டார் என்றும், சில நாள் கழித்து ஆண்களும் பெண்களும் குழந்தைகளுமாக நூறு, நூற்றிருபது பேர் வந்து, நகருக்குள் விடப்படாமல் வெளியே லா ஷாப்பேல் என்ற இடத்தில் தங்க வைக்கப்பட்டார்கள் என்றும் அவர் எழுதுகிறார். தாங்கள் கீழ் எகிப்திலிருந்து வரும் கிறித்தவர்கள் என்றும், ஏழு ஆண்டுகள் படுக்கையில் உறங்காமல் உலகெங்கும் அலையும்படி போப்பாண்டவர் பாவப்பரிகாரம் விதித்திருக்கிறார் என்றும் அவர்கள் சொன்னார்களாம். காதில் வெள்ளி வளையம் அணிந்த அவர்களைக் காணப் பாரிஸே திரண்டது. கைரேகை பார்க்கிறார்கள், பார்க்கும்போதே பணப்பையைக் காலி செய்கிறார்கள் என்று ஊரெல்லாம் பேச்சு. கை நீட்டியவர்களையும் கை பார்த்தவர்களையும் சேர்த்து ஆயர் திருச்சபையிலிருந்து விலக்கினார்.

ஆனால் அந்த நாட்குறிப்புக்காரர் ஒரு வரி எழுதியிருக்கிறார். அதை எத்தனை முறை படித்தாலும் எனக்கு அலுப்பதில்லை. தாம் மூன்று நான்கு முறை அவர்களிடம் போய்ப் பேசியதாகவும், தமக்கு ஒரு காசும் குறையவில்லை என்றும் அவர் சொல்கிறார். ஊரெல்லாம் ஒன்றைச் சொல்லிக்கொண்டிருந்தபோது, தாம் நேரில் கண்டதை மட்டும் எழுதிவைக்க அவருக்கு மனம் இருந்தது. ஊரார் சொன்ன பழி அந்த மக்களை ஐந்நூறு ஆண்டுகளுக்கு மேல் துரத்தியது. இந்த ஒற்றை வரியை எடுத்துச் சொன்னவர்கள் மிகச் சிலரே.

பிரெஞ்சுக்காரர்கள் அவர்களைப் பொஹீமியர் என்று அழைத்தார்கள். பொஹீமியாவின் அரசுரிமையும் பெற்றிருந்த சிகிஸ்முண்ட் மன்னர் கொடுத்த பாதுகாப்புக் கடிதங்களோடு இம்மக்கள் பயணம் செய்ததே காரணம் என்பது அறிஞர் பலரின் விளக்கம். ஆங்கிலேயரோ அவர்களுடைய எகிப்துக் கதையைப் பிடித்துக்கொண்டார்கள். எகிப்தியர் என்ற சொல்லின் தேய்வுதான் ஜிப்சி. இரண்டும் மதுரைக்காரர் கதைதான். அவர்கள் எகிப்தியரும் அல்லர், செக் நாட்டினரும் அல்லர். 1782இல் ரூடிகர் என்ற ஜெர்மானிய அறிஞர், அவர்களுடைய ரோமானி மொழி இந்துஸ்தானியின் உறவு என்று எழுதினார். அம்மொழியில் தண்ணீர் 'பானி', ஐந்து 'பாஞ்ச்', காது 'கான்'. நம் பானகத்திலும் பஞ்சாங்கத்திலும் கர்ணகடூரத்திலும் உள்ள அதே வடமொழி வேர்கள்தாம் அவை. இந்தியாவிலிருந்து நூற்றாண்டுகள் நடந்து போனவர்கள் அவர்கள்.

பத்தொன்பதாம் நூற்றாண்டில், பாரிஸின் மாடி அறைகளில் வாடகை பாக்கியோடு வாழ்ந்த ஏழை எழுத்தாளர்களும் ஓவியர்களும் இந்தப் பெயரைத் தமக்குச் சூட்டிக்கொண்டார்கள். அதை உலகறியச் செய்தவர் ஆன்ரி மூர்ஷே. தையல் வேலையும் வாயிற்காவலும் செய்தவரின் மகனான அவர் எழுதிய கதைகள் 1849இல் நாடகமாகி, 1851இல் நூலாகி, 1896இல் இத்தாலிய இசையமைப்பாளர் புச்சீனியின் இசைநாடகமாக டூரின் நகரில் அரங்கேறின. ஆயினும் மூர்ஷே அந்த வாழ்வைப் பூமாலையாகக் காட்டியவர் அல்லர். அந்தப் பாதை கலைக்கழகத்திலோ, தரும மருத்துவமனையிலோ, பிணவறையிலோ முடியும் என்று முன்னுரையிலேயே எழுதினார். அவரே 38 வயதில் மறைந்தார்.

புச்சீனியின் இசைநாடகம் அரங்கேறிய பதினாறாம் ஆண்டில், அதாவது 1912இல், பிரான்சில் ஒரு சட்டம் வந்தது. அதன்படி ஊர் ஊராகத் திரியும் குடும்பத்தினர் ஒவ்வொருவரும், பதின்மூன்று வயதுப் பிள்ளைகள் உட்பட, உடலளவுக் கையேடு ஒன்றைச் சுமக்க வேண்டும். அதில் உயரமும் தலையின் நீள அகலமும் வலக்காதின் நீளமும் விரல்ரேகைகளும் பதிவாகும். ஒவ்வோர் ஊருக்குள் வரும்போதும் போகும்போதும் முத்திரை பெற வேண்டும். அலைந்து திரியும் சுதந்திரம் என்பதற்காகக் கலைஞர்கள் ஆசையோடு எடுத்துக்கொண்ட பெயரின் சொந்தக்காரர்களுக்கு, அலைவதே குற்றமாக அளந்து எழுதப்பட்டது. இதைச் சொல்லாமல் பொஹீமியன் என்ற சொல்லின் வரலாற்றைச் சொல்ல எனக்கு மனம் வருவதில்லை.

பொஹீமியா மண்ணிலேயே நிலைமை இன்னும் கொடியதாயிற்று. நாஜி ஆட்சியில் லெட்டி என்ற ஊரின் முகாமில் ரோமானி பேசும் இதே இனத்தவரான ரோமா மக்கள் 1,300க்கும் மேற்பட்டோர் அடைக்கப்பட்டார்கள்; முந்நூறுக்கும் மேற்பட்டோர் அங்கேயே இறந்தார்கள்; ஐந்நூறுக்கும் மேற்பட்டோர் அவுஷ்விட்ஸ் கொலைக்களத்துக்கு அனுப்பப்பட்டார்கள். பொஹீமியாவின் ரோமானிக் கிளைமொழி பேச ஆளின்றி அழிந்தது. 1970களில் அந்த இடத்தில் பன்றிப் பண்ணை கட்டினார்கள். அது இடிக்கப்பட்டு நினைவிடம் திறக்கப்பட்டது 2024இல்தான்.

நேரம் நெருங்கிவிட்டதாகச் சைகை வருகிறது. 1872இல் சான் பிரான்சிஸ்கோவின் பத்திரிகையாளர்கள் தொடங்கிய பொஹீமியன் கழகம் செல்வந்தர்களின் கழகமாக மாறியதையும், இன்று ஆடைக்கடைகளில் இச்சொல் பூவேலைப்பாட்டுக்கும் தொங்கல்களுக்கும் பெயராக நிற்பதையும் விரிவாகச் சொல்ல எண்ணியிருந்தேன், இயலவில்லை. ஒன்றை மட்டும் சொல்லிவிடுகிறேன். 1971ஆம் ஆண்டு ஏப்ரல் மாதம் இலண்டன் அருகே கூடிய முதல் உலக மாநாட்டில், அந்த மக்கள் பிறர் வைத்த பெயர்களை விலக்கி, 'ரோமா' என்ற தம் சொந்தப் பெயரை ஏற்றார்கள். ரோம் நகரத்துக்கும் அதற்கும் தொடர்பில்லை. அவர்கள் மொழியில் ரோம் என்றால் ஆண், கணவன், தம் இனத்தவன் என்று பொருள். நீலமும் பச்சையுமான அவர்கள் கொடியின் நடுவில் சிவப்புச் சக்கரம் ஒன்று இருக்கிறது.

நன்றி, வணக்கம்.