தினகரனை நடத்தியவர் யார்? – சந்தேகங்களுக்கு விளக்கம்

ஒரு நேயர் கேட்டிருக்கிறார்: "இலங்கையில் தினகரன் பத்திரிகையைத் தொடங்கியவர் ஒரு சிங்களவராமே, உண்மையா? வெள்ளைக்காரர் ஆட்சியில் அவரால் எப்படி இத்தனை பத்திரிகைகளை நடத்த முடிந்தது?" இந்தக் கேள்வி வந்ததில் எனக்கு ரொம்ப மகிழ்ச்சி.

உண்மைதான். அவர் டி. ஆர். விஜேவர்தன. கேம்பிரிட்ஜில் படித்து, பாரிஸ்டராகி 1912இல் கொழும்பு திரும்பினார். வசதியான குடும்பம். தாயார் ஹெலெனா களனி விகாரையைப் புதுப்பித்தவர். பின்னாளில் இலங்கை ஜனாதிபதிகளான இருவர் விஜேவர்தனவின் உறவினர்கள்: ஜே. ஆர். ஜெயவர்தன சகோதரி மகன், ரணில் விக்கிரமசிங்க மகள் வழிப் பேரன்.

சரி, பணம் இருந்ததால் மட்டும் நடந்ததா? இல்லை. நான் எப்போதும் சொல்வதுதான், மறுபடியும் சொல்கிறேன்: பத்திரிகையின் பலம் மக்களின் மொழியில் இருக்கிறது. கேம்பிரிட்ஜில் படித்த மனிதர் 1914இல் முதலில் வாங்கியது தினமின என்ற சிங்களப் பத்திரிகையை. அதற்கு அப்புறம்தான் ஆங்கிலம். பொன்னம்பலம் இராமநாதன் தொடங்கிய 'சிலோனீஸ்' தள்ளாடிக்கொண்டிருந்தது. அதை வாங்கி, 1918 ஜனவரி 3 அன்று 'சிலோன் டெய்லி நியூஸ்' என்று வெளியிட்டார். 1834இல் ஐரோப்பிய வணிகர்கள் தொடங்கிய 'அப்சர்வர்' பத்திரிகையும் 1923இல் அவர் கைக்கு வந்தது! கொழும்பின் பெய்ரா ஏரிக்கரையில் அவருடைய பத்திரிகை நிறுவனத்தின் தலைமையகமான லேக் ஹவுஸ் எழுந்தது; நிறுவனத்தையே அந்தப் பெயரால்தான் அழைத்தார்கள்.

தினகரன் வந்தது 1932 மார்ச்சில். முந்தைய ஆண்டுதான் வெள்ளைக்காரர் கொடுத்த டொனமூர் அரசியலமைப்பு வந்து, 21 வயது நிரம்பிய ஆண், பெண் இருபாலருக்கும் வாக்குரிமை கிடைத்திருந்தது. ஆங்கிலம் தெரிந்த சிலரிடம் மட்டும் பேசினால் இனி அரசியல் நடக்காது. மறுபடியும் அதேதான், மக்களின் மொழி.

ஆனால் நீங்கள் கேட்டிருக்க வேண்டிய கேள்வி இன்னொன்று. மூன்று மொழிகளிலும் ஒரே நிறுவனம் செய்தி சொன்னது சரியா? அந்த அதிகாரத்தை எதிர்த்தவர்கள் இருந்தார்கள். 1973இல் அரசு லேக் ஹவுஸை எடுத்துக்கொண்டது. என்னைக் கேட்டால், அதுதான் பெரிய இழப்பு. ஒரு குடும்பத்தின் பத்திரிகையோடு இன்னொருவர் போட்டி போடலாம். அரசே பத்திரிகை நடத்தினால் யார் போட்டி போடுவது? அந்தப் போட்டிக்கு ஓர் உதாரணம் பாருங்கள்: தினகரனுக்கு முன்பே, 1930இல், தமிழ்நாட்டு ஆவணிப்பட்டியிலிருந்து போன சுப்பிரமணியம் செட்டியார் கொழும்பில் வீரகேசரியைத் தொடங்கிவிட்டார். லேக் ஹவுஸ் பலத்தோடு தினகரன் வந்தபோதும் வீரகேசரி படுத்துவிடவில்லை. இன்றும் வந்துகொண்டிருக்கிறது.